கேமராவைத் திறந்தவன்

போன மாதம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். விருந்தாளி வந்தால்தான் செஞ்சிக்காரன் கோட்டைக்குப் போவான். அவர்கள் ராஜகிரியில் ஏறப் போனதும் நான் முட்டி வலிக்கிறது என்று சொல்லிக் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலிக்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. சோம்பலுக்கு அப்படி ஒரு மரியாதையான பெயர் வைத்திருக்கிறேன்.

பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி நின்றிருந்தார். கழுத்தில் பழைய பிலிம் கேமரா. ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஒரே ஒரு படம் எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

"டிஜிட்டல்ல என்ன சார் இருக்கு? எடுக்கறோம், அழிக்கறோம். பிலிம்ல ஒரு நேர்மை இருக்கு. பிலிம் பொய் சொல்லாது சார்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தலையில் முடி குறைந்துவிட்டதால் ஏறியது வெளியிலும் தெரிந்திருக்க வேண்டும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சரி, இறங்கியது, சந்தோஷமாக இறங்கவில்லை. பிலிம் பொய் சொல்லாதாம்! அந்த நேர்மைக்காக ஒன்பது வயதில் முதுகில் அடி வாங்கியவன் நான். இன்றுவரை எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் என் பெயர் சொல்லி யாரும் என்னை அறிமுகப்படுத்துவது கிடையாது. "இவன்தான் கேமராவைத் திறந்தவன்" என்றுதான் சொல்வார்கள். உடனே எதிரில் இருப்பவர், "ஓ, அது இவனா!" என்பார்.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்குக் காது குத்துவதற்குள் ஒன்பது வயது ஆகிவிட்டது. நைனா குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். "நான் வந்தப்புறம் வச்சுக்கலாம்" என்று மூன்று வருடம் சொன்னார். மூன்று வருடமும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியில் அம்மா, "இன்னும் விட்டா கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டறப்ப சேர்த்துதான் குத்தணும்" என்று சொல்லிவிட்டாள். நைனா ஒத்துக்கொண்டு, கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். போட்டோ வேண்டும். மற்றது எப்படியோ போகட்டும், தாய்மாமன் மடியில் பையன் உட்கார்ந்து காது குத்துகிற போட்டோ கட்டாயம் வேண்டும்.

அந்தக் கடிதம் வந்த அன்றே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. நைனாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, டவுனில் ஸ்டுடியோக்காரரைப் பேசி வைக்கிறேன் என்றார். வல்லத்திலிருந்து வந்திருந்த என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கையை நீட்டித் தடுத்தார். மாமாவுக்கு மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைக்கு எடை போடுகிற வேலை. யாரிடமோ வாங்கிய ஒரு கறுப்பு பிலிம் கேமரா அவரிடம் இருந்தது. அதனால் சுற்று வட்டாரத்தில் பாதிச் சொந்தத்துக்கு அவர்தான் போட்டோகிராபர்.

"என் அக்கா புள்ளைக்கு வெளியாள் வந்து படம் எடுக்கறதா? நான் செத்தா போயிட்டேன் மச்சான்?"

"நல்லா வரணும்யா. எங்கண்ணன் அங்க பாலைவனத்துல கெடந்து கேக்கறாரு."

"வரலன்னா இந்தக் கேமராவ ஏரில வீசிடறேன்."

அம்மா தம்பியைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது. புகுந்த வீட்டில் பிறந்த வீட்டுக்காரன் ஒரு காரியத்தைத் தலைமேல் எடுத்துக்கொண்டான் என்றால் சும்மாவா? போட்டோ நன்றாக வந்தால் அம்மாவின் தலை நிமிரும். வராவிட்டால் சித்தப்பா அதை அடுத்த பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார். இவ்வளவும் ஒரு கறுப்புப் பெட்டியைத்தான் நம்பியிருந்தது.

இதற்கு நடுவில், விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, என் வாழ்க்கையைக் கெடுத்த ஒரு சம்பவம் நடந்தது. கோட்டையில் ஆனைக்குளத்துப் பக்கம் நாங்கள் நாலு பையன்கள் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளைக்கார அம்மா எங்களை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். சோப்புக் கட்டி அளவுக்கு வெள்ளி நிறத்தில் ஒரு கேமரா. எடுத்த கையோடு அதைத் திருப்பி, அதன் முதுகைக் காட்டினார். முதுகில் நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம்! ஒருவன் மூக்கில் விரல் விட்டிருந்தது உட்பட எல்லாமே அதில் இருந்தது. அந்த ஒருவன் நான்தான்.

செல்போனே பச்சை வெளிச்சத்தில் நம்பர் மட்டும் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. டிஜிட்டல் என்ற சொல்லே எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போட்டோ என்பது கேமராவின் பின்பக்கத்தில் இருக்கும். இதை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணால் பார்த்ததை நம்புவது தப்பா?

காதுகுத்தன்று காலையில் மாமா என்னை முதல் படம் எடுத்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"மாமா, பின்னாடி திருப்பிக் காட்டு."

"இதுல தெரியாதுடா. கழுவணும்."

"எதுக்குக் கழுவணும்? நான் குளிச்சிட்டுதான வந்தேன்?"

"பிலிமக் கழுவணும்டா லூசு. லேபுக்குப் போயி, கழுவி, பிரிண்ட் போட்டுதான் வரும். ரெண்டு வாரம் ஆவும்."

என்னால் நம்ப முடியவில்லை. சோப்புக் கட்டி அளவு கேமராவில் உடனே தெரிகிறது; செங்கல் அளவு கேமராவில் இரண்டு வாரம் ஆகுமா? மாமா என்னை ஏமாற்றுகிறார் என்று அப்போதே தோன்றியது. ஏமாற்றத்தான் செய்தார். ஆனால் நான் நினைத்த விஷயத்தில் அல்ல.

தொண்டூருக்கு அந்தப் பக்கம், வயல் நடுவில் எங்கள் குலதெய்வக் கோயில். கோயில் என்றால் நாலு கல்லும் ஒரு புங்கமரமும்தான். அங்கே அறுபது பேர் கூடியிருந்தார்கள். மாமா வருவதற்குள் எனக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசிவிட்டார்கள். பலாக்கொட்டைக்குச் சந்தனம் பூசி வேட்டி கட்டிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் நான். அந்த அழகோடு காலை முழுக்க மாமா பின்னாலேயே அலைந்து போஸ் கொடுத்தேன். மொபெட்டில் உட்கார்ந்து ஒன்று. மரத்தில் சாய்ந்து ஒன்று. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு ஒன்று. கையில் அருவாளைப் பிடித்து, பூசாரி பிடுங்கிக்கொள்வதற்குள் ஒன்று. மொத்தம் பதினாலு.

நான் மட்டுமா? வந்த அத்தனை பேரும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க ரெண்டு பேத்தையும் ஒண்ணு எடுய்யா", "மருமவள மட்டும் தனியா ஒண்ணு", "எங்க வூட்டுக்காரர சிரிக்கச் சொல்லி எடு, அவரு சிரிச்சு நாளாச்சு." மாமா யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரையும் நிற்க வைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, "அப்படியே, அசையாதீங்க" என்று சொல்லி, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தார். அன்றைக்கு அந்த மரத்தடியில் அவர்தான் சாமி. நிஜச் சாமியிடம்கூட யாரும் அவ்வளவு பணிவாக நின்ற மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் ரோலே கிடையாது.

ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். கெட்டிக்காரர்கள் இழுத்துப் பிடித்தால் முப்பத்தெட்டு. இன்றைக்கு என் ஆறு வயது மகள் ஒரு தோசையையே முப்பத்தாறு எடுக்கிறாள். தோசை ஆறிப்போனது என்று பிறகு அழுகிறாள். அன்று மாமாவிடம் இருந்தது ஒரே ரோல். வந்தவர்கள் கேட்டபடியெல்லாம் எடுத்தால் காது குத்துவதற்கு முன்பே அது தீர்ந்துவிடும். எடுக்க மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் அந்தக் காலத்துப் போட்டோகிராபர்கள் நிறையப் பேர் செய்கிற வேலையை மாமாவும் செய்தார். வெறும் பிளாஷ். வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. கேட்டவருக்கு மனசு குளிரும், பிலிம் மிச்சமாகும். பிறகு கேட்டால், "அது சரியா விழல" என்று சொல்லிவிடலாம். பிலிம்தான் யாருக்கும் எதையும் உடனே காட்டாதே! அதுதான் ஐயா அதன் நேர்மை.

சடங்கு தொடங்கும்போது ரோலைப் போட்டுக்கொள்ளலாம் என்பது மாமாவின் திட்டம். ரோல் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அவர் ஒன்றை மறந்துபோனார். அந்தச் சடங்கில் அவருக்கு வேறு வேலை இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதானே காது குத்த வேண்டும்? போட்டோகிராபரே மணையில் உட்கார வேண்டியவர்!

"நேரம் போவுது, மாமன்காரன் எங்க?" என்று பூசாரி கூப்பிட்டதும் நாலு பெண்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றினார், ஒருவர் புது வேட்டியைச் சுற்றினார், ஒருவர் மார்பில் சந்தனம் பூசினார். கழற்றிய சட்டை அம்மாவின் தோளுக்குப் போனது. கழுத்தில் கிடந்த கேமரா சித்தப்பாவின் கைக்குப் போனது.

"மச்சான், ஒரு நிமிசம். அத இப்படிக் குடு. அதுல..."

"எல்லாம் எனக்குத் தெரியும்யா. இத இழுக்கணும், இத அமுக்கணும். அவ்ளோதான? நீ உக்காரு."

"இல்ல மச்சான், அதுல வந்து..."

"அதுல இன்னா?"

அறுபது பேரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அசையாமல் நின்று, சிரித்து, தாடையைத் திருப்பிக்கொண்ட அறுபது பேர். மாமா வாயை மூடிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். என்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள். அவர் மார்பில் வியர்வை, சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு ஓடியது.

"பாரேன், மருமவனுக்குக் காது குத்தறதுக்கு மாமனுக்கு மனசு தாங்கல" என்று ஓர் அத்தை மூக்கை உறிஞ்சினார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். நான் போட்ட சத்தத்தில் ராஜகிரி உச்சியில் குரங்குகள் திரும்பிப் பார்த்திருக்கும். சித்தப்பா இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, மண்ணில் முட்டி போட்டு, மரக்கிளையில் தொங்காத குறையாக இழுத்து இழுத்து அமுக்கினார். கம்மல் மாட்டித் திருகாணியையும் முடுக்கி முடிந்த பிறகு நெற்றி வியர்வையை வழித்துப் போட்டுவிட்டு அறிவித்தார்.

"எண்ணிக்கினே இருந்தேன். நாப்பத்தி ரெண்டு எடுத்துட்டேன்!"

கூட்டம் அசந்துபோனது. முப்பத்தாறு ரோலில் நாற்பத்திரண்டு படம் எடுத்த ஒரே மனிதர் உலகத்திலேயே என் சித்தப்பாதான். மாமாவின் முகத்தை அப்போது யாராவது நிஜமாகவே படம் எடுத்திருக்க வேண்டும்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமா சட்டையைத் தேடிப் புறப்பட்டார். விடுவார்களா? மாமனுக்குத்தான் முதல் இலை என்று இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். கேமரா பாயில் தனியாகக் கிடந்தது. எனக்கோ காது இரண்டும் நெருப்பாக எரிந்தது. இவ்வளவு வலித்ததே, அது பார்க்க எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமா? கேமராவின் பின்பக்கத்தில் ஒரு மூடி இருந்தது. படம் அதற்குள்தான் இருக்கிறது, மாமா மூடி வைத்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம் என்று எனக்கு விளங்கிவிட்டது. மேலே இடப்பக்கம் இருந்த குமிழை நகத்தால் தூக்கினேன். மூடி டக்கென்று திறந்துகொண்டது.

உள்ளே ஒன்றுமில்லை. கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு குழி. அதில் நான் இல்லை, மாமா இல்லை, ஆசாரி இல்லை. ஒருவேளை தூசி மறைக்கிறதோ என்று வாயால் ஊதிப் பார்த்தேன்.

"டேய்! இன்னாடா பண்ற!"

சித்தப்பாவின் குரல் அது. அடுத்த நொடி அறுபது பேரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். மாமா எச்சில் கையோடு ஓடி வந்தார். திறந்த மூடியைப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் ஓடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பரீட்சைக்கு ஒன்றுமே படிக்காமல் போனவனுக்கு, மழையால் பள்ளிக்கூடம் லீவு என்று வாசலிலேயே யாரோ சொன்னால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வெளிச்சம். ஒரு நொடிதான். உடனே தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, போச்சே! வெளிச்சம் பட்டுடுச்சே! எல்லாம் போச்சே!"

வேறு யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் கேமராவை வாங்கி, மூடியைச் சாத்தி, மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எல்லாமா?" என்றார் சித்தப்பா. "நாப்பத்தி ரெண்டுமா?"

"காலைலேர்ந்து எடுத்தது எல்லாமே மச்சான்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் கத்தினேன்.

"உள்ள ஒண்ணுமே இல்ல! நான் பாத்தேன்!"

"நீ தொறந்துட்ட, வெளிச்சம் தொடச்சிடுச்சு. அப்புறம் எப்படிடா இருக்கும்?" என்றார் மாமா, வருத்தத்தோடு.

"மொதல்லயே இல்ல மாமா!"

"பாருங்கய்யா, செய்யறதையும் செஞ்சிட்டு வாய் பேசறத!" என்றார் சித்தப்பா. கையை ஓங்கினார். அவர் கை இறங்குவதற்குள் அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. சத்தம் பெரிதாகக் கேட்டது. இரண்டாவது அடிக்கு முன்னால் மாமா குறுக்கே வந்து என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வுடுக்கா. கொழந்த. தெரியாம பண்ணிட்டான். நான் மன்னிச்சிட்டேன்."

அவர் என்னை மன்னித்தார்! நியாயத்தைக் கவனியுங்கள். அவர், என்னை, மன்னித்தார்! அங்கே இருந்த அத்தனை பேரும், "மாமன்னா இவன்தான்யா மாமன்" என்று உருகிப்போனார்கள். பத்து நிமிடத்துக்கு முன் திருட்டுமுழி முழித்துக்கொண்டிருந்தவர் இப்போது வள்ளல். பதினாலு போஸ் கொடுத்து ஏமாந்தவன் இப்போது குற்றவாளி.

"நல்ல வேள, இன்னொரு ரோல் வச்சிருக்கேன். மறுக்கா எடுத்துடலாம்" என்றார் மாமா. "அக்கா, என் சட்டை..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா ரோலை நீட்டினாள். சட்டையைத் துழாவவே இல்லை. அது ஏற்கெனவே அவள் உள்ளங்கையில் இருந்தது. மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அம்மா அவர் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

மாமா மூடியைத் திறந்து ரோலைப் போட்டார். கறுப்பாக ஒரு நாக்கு நீண்டு எதிர்ப்பக்கக் குழிக்குள் போனது. "இது! இதுதான் மொதல்ல உள்ள இல்ல!" என்று நான் குதித்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

ஆசாரியை இலையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அவருக்கும் கோபம்.

"கம்மல் போட்டு முடுக்கியாச்சு. இன்னும் எங்கய்யா குத்தறது?"

"குத்த வேணாம் ஆசாரி. ஊசிய வச்சுக் காட்டுங்க, போதும்."

மறுபடி மாமா மணையில் உட்கார்ந்தார். மறுபடி நான் மடியில். அத்தை மறுபடி மூக்கை உறிஞ்சினார். சித்தப்பா, காது குத்தும்போது காட்டிய அதே வேகத்தோடு மறுபடி ஓடத் தொடங்கினார்; ஆனால் இந்தத் தடவை மாமா, "எட்டப் போ மச்சான், எல்லாரும் விழணும்" என்று சொல்லிச் சொல்லி வரப்பு வரைக்கும் அவரைத் துரத்திவிட்டார்.

"அழுடா" என்றார் சித்தப்பா அங்கிருந்து.

அழுகை வரவில்லை. நிஜமாகக் குத்தியபோது ஊரைக் கூட்டிய எனக்கு, பொய்யாகக் குத்தும்போது ஒரு சொட்டு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவையே முறைத்தேன். அந்தக் கறுப்புப் பெட்டியை அப்படியே பார்வையால் எரித்துவிட வேண்டும் போலிருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. அதுவரை மாமா பாதி இளைத்துவிட்டார். பிலிமில் என்ன விழுந்திருக்கிறது என்று லேபிலிருந்து கவர் வரும்வரை யாருக்கும் தெரியாது. வந்தபோது தெரிந்தது. பாதிப் படங்களில் சித்தப்பாவின் கட்டைவிரல்தான் பெரிதாக இருந்தது. சிலவற்றில் புங்கமரம் மிக அழகாக விழுந்திருந்தது. அடியில் எங்களுக்குத் தலை இல்லை. முப்பத்தாறில் ஒன்றே ஒன்று தேறியது. ஆசாரி ஊசியோடு குனிகிறார், மாமா என் தலையைப் பிடித்திருக்கிறார், நான் முறைக்கிறேன், சுற்றிலும் சொந்தங்கள். அதில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றைக் குவைத்துக்கு அனுப்பினாள் அம்மா. காலையில் போஸ் கொடுத்தவர்கள் எல்லாம் தங்கள் படம் ஒன்றாவது மிஞ்சியதா என்று கேட்டு வந்தார்கள். மாமா பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. என்னைக் கை காட்டினால் போதும்.

நைனா வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். அந்த ஒரு போனுக்காகத்தான் நான் காத்திருந்தேன். வழக்கை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதலில் உள்ளே எதுவும் இல்லை. இரண்டாவது, ரோல் போட்டபோது நாக்கு நீண்டது. மூன்றாவது, பதினாலு போஸ். உலகத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே நீதிபதி அவர்.

பூத்துக்குப் போகிற வழியிலேயே அம்மா எச்சரித்தாள்.

"நைனாகிட்ட மாமாவப் பத்தி எதுனா ஒளறின, அந்தக் கம்மலப் புடிச்சுத் திருகிடுவேன்."

முதலில் அவள் பேசினாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்குள்ளேயே என் தோளை ஒட்டி நின்றுகொண்டாள்.

"இன்னாடா மொட்ட, முடி மொளச்சுதா?" என்றார் நைனா. கடல் இரைச்சல் போல ஒரு சத்தத்துக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "போட்டோ வந்துச்சு. அம்மா பக்கத்துல நிக்கறாளா?"

"ம்."

"அப்ப நீ ம் மட்டும் சொல்லு. ஆசாரி இப்பதான் ஊசியக் கொண்டாராரு. ஆனா ஒன் காதுல கம்மல் ஏற்கெனவே இருக்குது. சரிதான?"

"ம்."

"அப்போ இது ரெண்டாவது தடவ எடுத்தது."

"ம்."

"கேமராவ நீ தொறந்துட்டன்னு அம்மா சொல்றா. தொறந்தப்ப உள்ள ஒண்ணுமே இல்லயாடா?"

"ம்ம்ம்!"

அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். மாமாவை இனி வீட்டுக்குள் விடக்கூடாது என்பார். குறைந்தபட்சம் கேமராவை ஏரியில் வீசச் சொல்வார்.

"மாமன் ரொம்ப பயந்துட்டானாடா?" என்றார் நைனா.

மாமனா! அடி வாங்கியவன் இங்கே நிற்கிறேன், மாமன் பயந்தானா என்று விசாரிக்கிறார்!

"பாவம்டா அவன். சரி, தொறந்தது நீயாவே இருக்கட்டும், வுடு. இன்னா? எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாத. அவ சங்கடப்படுவா."

"ம்" என்றேன். அவ்வளவு கசப்பான ஒரு ம்மை நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை. வழக்கைக் கேட்டு, சாட்சியைப் பார்த்து, நான் நிரபராதி என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் எனக்கே தண்டனை கொடுத்த நீதிபதியைப் பற்றி நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

திரும்பி வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நைனா இன்னா கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல."

"மாமாவப் பத்தி?"

"ஒண்ணும் கேக்கலன்னு சொல்றேன்ல?"

அம்மா நீளமாக மூச்சு விட்டாள். பேக்கரியில் நிறுத்தி எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். கோபத்தோடுதான் தின்றேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைக்கச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்களே என்று பன்னைக் கடித்துக் கடித்துத் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், எங்களிடம் இருந்த பிரதியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கம்மல் எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். போஸ்ட் கார்டு அளவுப் படம். சித்தப்பா வரப்பில் நின்று எடுத்தது. என் தலையே அதில் ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவுதான் இருந்தது. செல்போனில் செய்வது போல இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குகிற வசதியெல்லாம் அதில் ஏது? மூக்கு காகிதத்தில் உரசும்படி வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பி, சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எங்கே இருக்கிறது என்று தெரிந்து தேடியே எனக்கு வெகுநேரம் ஆனது. கடைசியில் ஆசாரியின் கைக்குக் கீழே, ஊசி முனையைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது.

இதையா அவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடித்தார்? நைனாவுக்கு ரொம்ப நல்ல கண் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். இல்லாவிட்டால் குவைத்தில் வெயில் அதிகம், அங்கே எல்லாமே இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படத்தை ஷெல்பில் வைத்துவிட்டு, மாமா மேல் மிச்சமிருந்த கோபத்தைத் தொடரப் போனேன்.